மூன்றாம் காட்சியில் நான் சாக மாட்டேன்

திக்லிபூர்
4 நவம்பர் 2024

தம்பி நாகராஜுக்கு,

செத்துப்போன அக்கா எழுதுவது.

பயப்படாதே, பேயெல்லாம் இல்லை. ரப்பர் தோட்டத்துக் கங்காணி முனியாண்டியின் மூத்த மகள், உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு வரிசை வீடுகளில் லயம் லயமாகத் திரிந்த ஜெயராணிதான். நாற்பத்தாறு வயதாகிறது. பாக்கு உரித்து உரித்து நகமெல்லாம் கறை. கண் நன்றாகத் தெரிகிறது, காதும் கேட்கிறது. உன் மச்சான் ராஜமாணிக்கம் நான் கத்துகிற கத்தலில் தன் காதுதான் போய்விட்டது என்கிறார். இதெல்லாம் செத்தவளின் லட்சணமா, நீயே சொல்.

நேற்று பாக்கு எடுக்க உங்கள் ஊரிலிருந்து பன்னீர்செல்வம் அண்ணன் வந்தார். "ஒந் தம்பி பெரிய ஆளாயிட்டாம்மா, தமிழ்ச் சங்கத்துல பொங்கலுக்கு நாடகம் போடுறான்" என்று போனில் ஒத்திகை வீடியோ காட்டினார். எனக்குச் சந்தோஷம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். பிறகு பார்த்தால் ரப்பர் தோட்டம். விடியற்காலை. மரத்தில் மணியாகத் தொங்குகிற தண்டவாளத் துண்டு. அதன் முன்னால் கையை விரித்துக்கொண்டு ஒரு பெண். சுத்தியலோடு ஒரு கங்காணி. அவன் அடிக்கிறான், இவள் விழுந்து சாகிறாள். நாலு பேர் வந்து தூக்கிக்கொண்டு போகிறார்கள்.

அந்தத் தண்டவாளத்தின் முன்னால் நின்றவள் இந்த உலகத்தில் ஒருத்திதான். அவளைக் கேட்காமல் கொன்றுவிட்டாயே தம்பி! அப்பா இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் என்னைத் தலைமுழுகினார். நீ இப்போது பாடையும் கட்டிவிட்டாய்.

அம்மா போனபோது பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகுதான் எனக்குச் சேதி வந்தது. அதைக் கூடப் பொறுத்துக்கொண்டேன். இதைப் பொறுக்க மாட்டேன். அந்தக் காட்சியை மாற்று. போர்ட் பிளேருக்கே பெயரை மாற்றிவிட்டார்கள், என் ஒரு சாவை உன்னால் மாற்ற முடியாதா?

போன் செய்யாதே. போனில் நீ மூக்கை உறிஞ்சுவாய், நான் கத்துவேன், ஒரு விஷயமும் நடக்காது. எழுது. திக்லிபூர் பஸ் ஓட்டுகிற சந்திரமோகனிடம் கொடுத்தால் அன்றைக்கே என் கைக்கு வந்துவிடும்.

ஜெயராணி

*

மின்னி பே
11 நவம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் ஆபீசிலேயே உட்கார்ந்துவிட்டேன். மூக்கை உறிஞ்சினேனா இல்லையா என்பதைச் சொல்ல மாட்டேன்.

ஆனால் அக்கா, கோபப்படாமல் கேள். அது நீ இல்லை. அந்தப் பெண்ணுக்குச் செல்வி என்று பெயர். கங்காணிக்கு மாரிமுத்து. தோட்டம் எந்தத் தீவு என்று கூட நான் சொல்லவில்லை. நான் எழுதியிருப்பது துன்பியல் நாடகம். கடைசியில் எதையாவது திரும்ப வாங்க முடியாதபடி இழக்க வேண்டும். செல்வி சாகாவிட்டால் அது குடும்பச் சண்டை. குடும்பச் சண்டை பார்க்க யாரும் சங்கத்துக்கு வர வேண்டாம், வீட்டிலேயே இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சிலோன் மலையிலிருந்து கப்பலேறி இந்த அந்தமான் தீவுகளுக்கு வந்த பழைய தோட்டக்காரர்களுக்குப் பொங்கல் விழாவில் பொன்னாடை போர்த்துகிறார்கள். முதல் வரிசையில் அப்பா உட்காருவார். அவர் பார்க்க வேண்டும் என்றுதான் எழுதினேன். மகள் செத்துக் கிடக்கிற இடத்தில் அந்தக் கங்காணி சுத்தியலைப் போட்டுவிட்டு அலறுகிறான். அப்பா என்றைக்காவது ஒரு நாள் அப்படி அலற வேண்டாமா? உனக்காகத்தான் இதைச் செய்கிறேன். நீ என் மேல் பாய்கிறாய்.

மூன்றாம் காட்சியை முழுதாக வைத்திருக்கிறேன். படித்துவிட்டுத் திட்டு.

நாகராஜ்

*

திக்லிபூர்
19 நவம்பர் 2024

தம்பிக்கு,

படித்தேன். திட்டுகிறேன்.

முதலில், உன் நாடகத்தில் திரை விலகும்போதே கங்காணி மணியை அடித்துவிடுகிறான். பிறகுதான் மகள் ஓடி வருகிறாள். நீ பெரட்டுக் களத்தில் பிறந்து வளர்ந்தவன்தானே? விடியற்காலையில் ஆள் கூப்பிடுவதற்குப் பெரட்டு என்று ஏன் சொன்னார்கள், மணி எதற்கு அடித்தார்கள் என்பதெல்லாம் ஆபீஸ் வேலையில் மறந்துபோயிற்றா? மணி அடித்தால்தான் பெரட்டு. அடித்த பிறகு வரிசையில் இல்லாதவனுக்கு அன்றைக்குப் பேர் இல்லை, கூலி இல்லை. மணியே அடிக்காவிட்டால் அன்றைக்கு யாருமே வராதவர் கணக்கில் இல்லை. யாரையும் விலக்க முடியாது. தோட்டத்துச் சட்டம் அது. தற்காலிக ஆட்களை நிரந்தரமாக்கு என்று நாம் வேலைநிறுத்தம் செய்தபோது அந்தச் சட்டத்தை வைத்துத்தான் மணியை மறித்தோம். நான் வீரத்துக்கு நிற்கவில்லை, கணக்காக நின்றேன். ஆகவே மணி அடிக்காமல் இருக்கிற வரைக்கும்தான் உன் காட்சிக்கு உயிர். நீ அதை முதலிலேயே அடித்து, வெண்ணெய் திரளும் முன்னாலேயே தாழியை உடைத்துவிட்டாய்.

இரண்டாவது, அந்தச் செல்வி இவ்வளவு பேசுகிறாளே, யார் கேட்டுக்கொண்டு நிற்பார்கள்? உரிமை, உதிரம், உழைப்பு என்று ஒரு பக்கம். அவ்வளவு நேரம் நான் பேசியிருந்தால் அப்பா மணியையும் அடித்துவிட்டு, வீட்டுக் காம்பராவுக்குப் போய்ப் பிளேன்டீயும் குடித்திருப்பார். நான் சொன்னது ஒன்றுதான். "அடிக்காதீங்க அப்பா." திரும்பத் திரும்ப அதையே சொன்னேன். ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி வந்தது. முதல் தடவை கெஞ்சல். கடைசித் தடவை மிரட்டல். அந்தப் பெண்ணுக்கு அதைச் சொல்லிக்கொடு.

மூன்றாவதுதான் பெரிய குற்றம். உன் கங்காணி குடித்துவிட்டு வருகிறான். மீசையை முறுக்குகிறான். தொரை கொடுத்த பாட்டிலுக்காக ஊரைக் காட்டிக்கொடுக்கிறான். அப்பா குடித்து நீ பார்த்திருக்கிறாயா? என்னைத் தலைமுழுகின மனுஷனுக்காக நான் வக்கீல் வேலை பார்க்க வேண்டியிருக்கிறதே, என் தலையெழுத்து! கேட்டுக்கொள். அன்றைக்கு அவர் என்னிடம் சொன்னது இது. நீ தூரத்தில் ஆண்களோடு நின்றாய், உனக்குக் கேட்டிருக்காது.

"சிலோன்ல மூட்ட கட்டுனேன். மண்டபம் கேம்புல மூட்ட கட்டுனேன். தோட்டத்த மூடிட்டான்னா இந்தச் சனத்த எங்க கொண்டுபோய் எறக்குவேன்? மூணாவது தடவ மூட்ட கட்ட மாட்டேன். வெலகு."

எனக்கு அது கேட்டது, புரிந்தது. புரிந்தும் விலகவில்லை. அவர் சொன்னதும் நியாயம், நான் நின்றதும் நியாயம். குடிகாரனும் நல்லவளும் மோதினால் அது தெருச் சண்டை. இரண்டு நியாயம் மோத வேண்டும், அதுதானே நீ சொல்கிற துன்பியல்? பெரிய எழுத்தாளனுக்குப் பாக்கு உரிக்கிறவள் சொல்ல வேண்டியிருக்கிறது என்று முகத்தைத் தூக்காதே. அந்த இடத்தில் நின்றது நான்.

ஜெயராணி

*

மின்னி பே
2 டிசம்பர் 2024

அக்காவுக்கு,

முகத்தைத் தூக்கத்தான் செய்தேன். மூன்று நாள் பேனாவைத் தொடவில்லை. பிறகு எழுதினேன்.

மணியைக் கடைசிக்குக் கொண்டுபோய்விட்டேன். அது தொங்கிக்கொண்டே இருக்கிறது, யாரும் தொடவில்லை. அவ்வளவுதான் மாற்றம். ஒத்திகையில் விளக்கு கட்டுகிற பையன் ஏணியிலேயே நின்றுவிட்டான். வங்காளி, தமிழில் ஒரு வார்த்தை தெரியாது. "மாரேகா க்யா?" என்று என்னைக் கேட்டான். அடிக்கப்போகிறானா? அந்தக் கேள்விக்காகத்தான் இத்தனை மாதமாக ஏழெட்டுப் பக்கம் வசனம் எழுதிக்கொண்டிருந்தேன்.

செல்வியாக நடிக்கிற விஜயலட்சுமி கப்பல் டிக்கெட் கவுண்டரில் வேலை பார்க்கிறாள். மெயின்லேண்ட் போகிறவர்களின் சண்டையெல்லாம் கேட்டுக் கேட்டு வாய் கூர்மை. ஒரு வரியையே திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னதும், "சார், இது பேசுறத விடக் கஷ்டம்" என்றாள். ஆனால் சொல்கிறாள்.

கங்காணியாக நடிக்க இருந்த கிருஷ்ணமூர்த்தி சாருக்குக் கார் நிக்கோபாருக்கு மாற்றல் வந்துவிட்டது. வேறு ஆள் இல்லாமல் நானே போட்டிருக்கிறேன். அப்பாவின் அந்த வசனத்தை நேற்று முதல் தடவையாகச் சொன்னேன். மூணாவது தடவ மூட்ட கட்ட மாட்டேன். சொன்ன பிறகு அவரைப் பழையபடி வெறுக்க வரவில்லை. அதற்காக உன் மேல் எனக்குக் கோபம். வெறுப்பில் எழுதிய நாடகம் அக்கா இது. அதைப் பிடுங்கிவிட்டால் எதை வைத்து நடிப்பேன்?

நீ அன்றைக்கு ஒரு காலைப் பொழுதைப் பார்த்துவிட்டுப் போய்விட்டாய். நான் மீதி வருஷங்களை அவரோடு இருந்தேன். அவர் தலைமுழுகியபோது கிணற்றில் தண்ணீர் இறைத்து ஊற்றியது நான், பதினாறு வயதில். அதன் பிறகு வீட்டில் உன் பெயர் இல்லை. தலைமுழுகினவர்கள் பெயரைச் சொல்லக் கூடாது, அவர்கள் கேட்டால் பதில் பேசக் கூடாது, அவர்கள் வீட்டு வாசல் மிதிக்கக் கூடாது. அம்மா ஒரு தடவை வாய்தவறி "ராணி இருந்திருந்தா" என்றாள். அப்பா சோற்றுத் தட்டை விட்டு எழுந்துவிட்டார். அவர் காப்பாற்றிய தோட்டமும் நாலைந்து வருஷத்தில் மூடிக்கொண்டது. மூணாவது மூட்டையையும் கட்டினார். அப்போதும் ஒரு சொட்டு அழவில்லை. அந்தக் கல்லை ஒரு தடவை உடைத்துப் பார்க்க எனக்கு உரிமை இல்லையா?

ஆகவே நீ கேட்ட மூன்றையும் மாற்றிவிட்டேன். சாவை மட்டும் விட்டுத்தர மாட்டேன்.

நாகராஜ்

*

திக்லிபூர்
10 டிசம்பர் 2024

நாகராஜ்,

நீ கூட்டத்துக்குப் பின்னால் நின்றாய், பாதிதான் பார்த்திருப்பாய். சுத்தியல் இறங்கிய பிறகு என்ன நடந்தது என்று உனக்குச் சொல்கிறேன். அதைத் தெரியாமல் நீ முடிவு எழுதாதே.

அப்பா என்னை அடிக்கவில்லை, மணியைத்தான் அடித்தார். நான் கையை எடுக்கவில்லை. இடது கையில் இரண்டு விரல் எலும்பு உடைந்தது. மணிச் சத்தம் பாதிதான் வந்தது. யாரும் வரிசைக்கு வரவில்லை. என் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அப்பாவும் பார்த்தார். சுத்தியலைக் கீழே போட்டார். "உக்காரு" என்றார். "உக்காரும்மா, விழுந்துடுவ" என்றார்.

நான் உட்காரவில்லை. விழவும் இல்லை. முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அவர் மறுபடி சுத்தியலை எடுத்து, என் கை இல்லாத பக்கத்தில் முழுச் சத்தம் வர அடித்தார். அப்புறம் ஒவ்வொருத்தராக வந்து வரிசையில் நின்றார்கள். வேலைநிறுத்தம் அங்கேயே முடிந்தது. நான் என் காலாலேயே நடந்து டிஸ்பென்சரிக்குப் போனேன். அங்கிருந்து படகுத்துறைக்குப் போனேன். திரும்பிப் பார்க்கவில்லை.

நான் விழுந்திருந்தால் அவர் தூக்கியிருப்பார். மார்பில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருப்பார். தலைமுழுகியிருக்கவே மாட்டார். விழாமல் நின்றதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

இப்போது நீ செய்கிற காரியத்தைப் பார். என்னை மேடையில் சாகடித்தால் அப்பா அழுவார், நிச்சயம் அழுவார். முதல் வரிசையில் பொன்னாடையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார். பக்கத்தில் இருப்பவர்கள் தோளைத் தட்டுவார்கள். வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிடுவார். செத்தவளுக்காக அழுவது யாருக்கும் சுலபம் தம்பி. உயிரோடு இருக்கிறவளின் முகத்தைப் பார்ப்பதுதான் கஷ்டம். நீ அவரை உடைக்கவில்லை, தப்பிக்க விடுகிறாய்.

விடமாட்டேன். நான் வருகிறேன். அந்த வேஷத்தை நானே போடுகிறேன். வசனம் ஒரே வரிதான், எனக்கு மனப்பாடம்.

ஜெயராணி

*

மின்னி பே
17 டிசம்பர் 2024

அக்கா,

வராதே. உன் காலில் விழுந்து கேட்கிறேன்.

அப்பாவுக்கு எழுபத்துநாலு. போன வருஷம்தான் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தது. எதிர்பாராமல் உன்னை மேடையில் பார்த்தால் என்ன ஆகும் என்று யோசித்தாயா? சங்கத்துத் தலைவருக்கு நான் என்ன பதில் சொல்வது? விஜயலட்சுமி டூட்டி முடிந்து ஒவ்வொரு சாயங்காலமும் வந்து உழைத்திருக்கிறாள், அவளுக்கு என்ன சொல்வது? நீ மேடையே ஏறியதில்லை. நாடகம் என்பது நினைத்ததைச் செய்கிற இடம் இல்லை.

(ஒரு நாள் கழித்து எழுதுவது.) உன் கடிதத்தை ஒத்திகை நடக்கிற ஹாலில் மேஜையிலேயே விட்டுவிட்டேன், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். விஜயலட்சுமி படித்துவிட்டாள். கோபித்துக்கொள்வாள் என்று பார்த்தால், "நான் இத்தன நாளா ஏன் விழுறேன்னே தெரியாம விழுந்துக்கிட்டு இருந்தேன் சார். அவங்க வரட்டும். நான் ஓரமா நின்னு வசனம் எடுத்துக் குடுக்குறேன்" என்கிறாள். எல்லோரும் அவள் பக்கம் சேர்ந்துவிட்டார்கள். அந்த விளக்குக்காரன் கூட. நான் எழுதிய நாடகத்தில் எனக்கு ஒரு ஓட்டு இல்லை.

சரி, வா. ஆனால் ஒன்று. நாடகாசிரியன் நான். உன் வாழ்க்கையில் நீ விழவில்லை என்றால் சந்தோஷம். என் நாடகத்தில் செல்வி விழ வேண்டும். நான் மணியை அடித்ததும் நீ விழு. கையை மேடை மணித் தகரத்தின் பின்னால் மறைத்துக்கொள்ள வழி செய்திருக்கிறேன், அடி படாது. அப்பாவுக்கு மகள் வந்திருக்கிறாள் என்று அடையாளம் தெரியாதபடி முக்காடு போட்டுக்கொள்.

எழுதி அனுப்பு, விழுவேன் என்று.

நாகராஜ்

*

திக்லிபூர்
6 ஜனவரி 2025

வருகிறேன். முக்காடு போட மாட்டேன். விழ மாட்டேன்.

ஜெயராணி

*

திக்லிபூர்
20 ஜனவரி 2025

தம்பிக்கு,

நாடகம் முடிந்த மறுநாள் சொல்லாமல் விடியற்காலை பஸ்ஸுக்கு வந்துவிட்டேன். வீட்டுக்கு வா என்று நீ கூப்பிடுவாய், அப்பா வாசலில் நிற்பாரா மாட்டாரா என்று பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. மேடையில் இருந்த தைரியம் கீழே இறங்கினதும் போய்விட்டது. அதை ஒத்துக்கொள்வதில் எனக்கு வெட்கம் இல்லை.

நீ கங்காணி வேஷத்தில் சபைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாய். உனக்குச் சத்தம்தான் கேட்டிருக்கும். நான் பார்த்ததை எழுதுகிறேன். அது உனக்கு வேண்டும்.

நான் மேடைக்கு வந்து மணிக்கு முன்னால் நின்றபோது அப்பா பக்கத்து ஆளோடு பேசிக்கொண்டிருந்தார். "அடிக்காதீங்க அப்பா" என்று முதல் தடவை சொன்னேன். பேச்சு நின்றது. என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார். இரண்டாம் தடவை சொன்னேன். கைத்தடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். நீ உன் வசனத்தைச் சொன்னாய். மூட்டை கட்டிய வசனம். நன்றாகச் சொன்னாய் தம்பி, அவர் குரலிலேயே சொன்னாய். அவர் உதடும் கூடவே அசைந்தது. அப்போதுதான் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். அதன் பிறகு கண்ணை எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. மூன்றாம் தடவை நான் சொன்னது உன்னிடம் இல்லை.

நீ அடித்தாய். "விழுக்கா" என்று முணுமுணுத்தாய். "மாட்டேன்" என்றேன். "அக்கா, விழு!" உன் கண்ணில் தண்ணீர். நான் தகரத்தின் பின்னாலிருந்து கையை எடுத்து விரலை விரித்துத் தூக்கிக் காட்டினேன். விளக்கு வெளிச்சத்தில் அந்த இரண்டு விரலும் கோணலாகத் தெரிந்திருக்கும்.

அப்பா எழுந்தார். பொன்னாடை ஒரு தோளிலிருந்து சரிந்து தொங்கியது. நெஞ்சைப் பிடிக்கப்போகிறார் என்று எனக்குப் பயம். பிடிக்கவில்லை. தடியைத் தூக்கி என்னைக் காட்டினார்.

"ஏய் ராணி! இப்பவும் அடிப்பேன்டி!"

அது மட்டும் உனக்குக் கேட்டிருக்கும். நான் என்ன செய்வது, வாய் தானாகத் திறந்தது. "இப்பவும் நிப்பேன்" என்றேன். நாடகம் என்று நினைத்து ஜனங்கள் கைதட்டினார்கள். திரை விழுந்துவிட்டது.

அவர் மாறவில்லை. மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. ஆனால் தம்பி, தலைமுழுகினவள் பெயரைச் சொல்லக் கூடாது. ஒரு ஹால் நிறைய ஆள் கேட்க அவர் சொல்லிவிட்டார். எனக்கு அது போதும். பஸ்ஸில் ஜிர்காடாங் செக்போஸ்ட் கேட் வரைக்கும் அழுதுகொண்டே வந்தேன். சந்திரமோகன் கண்ணாடியில் பார்த்துவிட்டுப் பாட்டை நிறுத்தினார்.

உன் நாடகத்தைக் கெடுத்தேன். வருத்தம் இல்லை.

ஜெயராணி

*

மின்னி பே
2 பிப்ரவரி 2025

அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தைக் கொண்டுவருகிறவருக்கு முதலில் நாற்காலி போடு. பேருந்தில் கால் மடக்கி உட்கார்ந்து வந்திருப்பார். பச்சைப் பையில் மாத்திரை இருக்கிறது. வெள்ளை மாத்திரை சாப்பாட்டுக்கு முன், மஞ்சள் சாப்பாட்டுக்குப் பின். அவர் மாற்றிப் போட்டுக்கொண்டு, அதுதான் சரி என்பார், விடாதே.

நடந்ததைச் சொல்கிறேன். நீ போன பிறகு அப்பா நாலு நாள் என்னோடு பேசவில்லை. நானும் பேசவில்லை. எனக்கும் ரோஷம் உண்டு. என் நாடகத்தைப் பற்றி ஊரில் இரண்டு கட்சி. முடிவே இல்லாமல் திரை போட்டுவிட்டான் என்கிறது ஒன்று. கடைசியில் எழுந்த அந்தக் கிழவனை எங்கிருந்து பிடித்தான், என்ன நடிப்பு என்கிறது இன்னொன்று. இரண்டுமே எனக்குப் பிடிக்கவில்லை.

ஐந்தாம் நாள் காலையில் அப்பா என் அறைக்கு வந்து நாடகத்தின் பிரதியைக் கேட்டார். கண்ணாடி போட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டி நாலு நாள் படித்தார். பிறகு மூன்றாம் காட்சியில் விரலை வைத்தார்.

"தொர முன்னாடி நான் தலைத்துண்ட அவுத்துக் கக்கத்துல வச்சேன்னு எழுதியிருக்க. நான் எங்கடா அவுத்தேன்?"

"அக்கா ஒத்திகைக்கு வந்தப்ப சொன்னது அப்பா. கட்டுன துண்டோட வந்தீங்க, தொர ஜீப்புல எறங்குனதும் அவுத்தீங்கன்னு சொன்னா."

"பொய். அவ கண்ணு என் கையிலதான இருந்துச்சு, தலைய எங்க பார்த்தா?"

"எனக்கென்ன தெரியும்? அவகிட்டயே கேளுங்க."

வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மடித்தார். "கேக்குறேன். எனக்கென்ன பயமா?" என்றார். உனக்குக் கடிதம் எழுதிச் சந்திரமோகனிடம் கொடுக்கப்போகிறேன் என்றவனை மறித்து, "அவன் எதுக்கு எடையில? எழுதிக் குடு, நானே கொண்டு போறேன்" என்று நிற்கிறார். வாசல் மிதிக்கக் கூடாது என்பதெல்லாம் ஞாபகம் இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் போகாமல் இருந்துவிடுவார்.

உன்னோடு சமாதானமாக வருகிறார் என்று நினைத்துவிடாதே. சண்டைக்குத்தான் வருகிறார். துண்டு கட்டியிருந்ததற்கு அன்றைக்கு அங்கே நின்றவர்கள் பெயரையெல்லாம் சாட்சிக்கு மனதில் வைத்திருக்கிறார். பாதிப் பேர் இப்போது உயிரோடு இல்லை.

செல்வி விழத்தான் வேண்டும் என்று இன்னமும் நினைக்கிறேன். ஆனாலும் நாடகத்தின் முடிவை நான் இன்னும் எழுதிவிடவில்லை. பேப்பர் காலியாக இருக்கிறது.

அப்பா போய்ச் சேர்ந்ததும் எழுது.

நாகராஜ்

*

திக்லிபூர்
9 பிப்ரவரி 2025

தம்பிக்கு,

வந்து சேர்ந்தார்.

பஸ்ஸை விட்டு இறங்கிக் கேட்டுக் கேட்டு வந்து, வாசலுக்கு வெளியே பாக்குக் காயப்போட்ட இடத்தில் தடியை ஊன்றி நின்றார். நாற்காலி போட்டேன், உட்காரவில்லை. தண்ணீர் கொடுத்தேன், வேண்டாம் என்றார். உன் கடிதத்தை நீட்டிவிட்டு, "துண்ட நான் அவுத்தேனா?" என்றார். நலமா என்று கூடக் கேட்கவில்லை.

"அவுத்தீங்க" என்றேன்.

அங்கே பிடித்த சண்டை மத்தியானம் வரைக்கும் போனது. உன் மச்சான் வந்து கும்பிட்டுவிட்டு, நிலைமையைப் பார்த்துத் தோட்டத்துப் பக்கம் ஓடிவிட்டார். அவிழ்க்கவில்லை என்று அவர். அவிழ்த்துக் கக்கத்தில் வைத்து, அதன் பிறகுதான் சுத்தியலை எடுத்தீர்கள் என்று நான். அக்கம்பக்கத்துத் தெலுங்குக்காரர்கள், வங்காளிகள் எல்லாம் வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்று வேடிக்கை பார்த்தார்கள். எவருக்கும் பாஷை புரியவில்லை, ஒருவரும் நகரவும் இல்லை. உனக்கு இங்கே மேடை போட்டால் கூட்டம் சேரும்.

கத்தினதில் அவருக்குப் பசித்துவிட்டது. "என்ன கொழம்பு வாசம்?" என்றார். கருவாடு என்றேன். வாசற்படியைப் பார்த்தார். "படி ஒசரமா வச்சிருக்க, கால் ஒத்துழைக்காது" என்றார். நான் கையை நீட்டினேன். யோசிக்காமல் இடது கையை நீட்டிவிட்டேன்.

பிடித்துக்கொண்டு ஏறினார். ஏறின பிறகும் விடவில்லை. வெளிச்சத்துக்குத் திருப்பி அந்த இரண்டு விரலையும் ஒவ்வொன்றாக நீவிப் பார்த்தார். அழப்போகிறார் என்று நினைத்தேன். முகம் சிவந்து, "எவன்டி கட்டுப் போட்டான் இதுக்கு?" என்றார்.

"தோட்டத்து டிஸ்பென்சரி கம்பவுண்டர்தான் அப்பா."

"எலும்ப நேரா வச்சுல்ல கட்டணும்! மூங்கில் பத்தை வச்சானா? வைக்கலையா? அந்த நாதாரிக்குச் சம்பளம் வேற! என் புள்ள கைய இப்பிடிக் கோணலாக்கி வச்சிருக்கானே!"

அந்தக் கம்பவுண்டரின் அப்பன், பாட்டன் வரைக்கும் போய்த் திட்டினார். உட்கார வைத்து இலை போட்டேன், சாப்பிட்டுக்கொண்டே திட்டினார். நானும் விடவில்லை. என் கை வலித்த வலியெல்லாம் சேர்த்து அவரோடு கூடத் திட்டினேன். இத்தனை வருஷத்தில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே பக்கம் நின்றது அதுதான் முதல் தடவை.

ஜெயராணி